வெயில் பட்ட சூரை

கத்தியக்கா அந்தச் சூரையைக் கொட்டகையின் தகரக் கூரைமேல் வைத்தபோது வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. ஏணியில் நின்றபடியே அதன்மேல் கம்பிக்கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தாள். செங்கல் பூனைக்காக. மீன் கருநீலமும் வெள்ளியுமாக, யாரோ இரவு வானத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்ததுபோலக் கிடந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னக்கா, கூரைமேல கோழி அடைகாக்குதா?"

"மீனு."

"மீனு எப்ப இருந்து முட்டை போட ஆரம்பிச்சுது?"

"உனக்கு மத்தி தர்றேன். போய் மிஷினை மிதி."

"மத்திக்கு ஆசைப்பட்டு நேத்து ஒருத்தி ரவிக்கையில கையை மாத்தி வச்சுத் தைச்சுட்டேன் தெரியுமா? நீ பூண்டு உரிக்கற வாசம் வந்தாலே எனக்குக் கை ஓடமாட்டேங்குது" என்றாள் தையல்காரி. தலை மறைந்தது. சற்று நேரத்தில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

கத்தியக்கா என்பது சந்தையில் வைத்த பெயர். கையில் இருக்கும் கத்தியால் வந்ததா, வாயில் இருக்கும் கத்தியால் வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவளும் அவள் கணவனும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து ஒரே மீன்கடையை நடத்திவந்தார்கள். அண்ணன் லாரி ஓட்டித் துறைமுகத்திலிருந்து மீன் கொண்டுவருவார். கணவன் ஐஸை உடைத்து அடுக்கி, விற்பனையைப் பார்ப்பான். அவள் வெட்டுவாள்.

மற்ற மீன்கள் கெட்டால் தெருவுக்கே சொல்லிவிடும். சூரை சொல்லாது. வெயிலில் அரைநாள் கிடந்தாலும் மூக்குக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெயிலில் அதற்குள் ஊறும் விஷம் வேகவைத்தாலும் சுட்டாலும் போகாது. ஆனால் ஒரு துளி சதையைக் கிள்ளி நாக்கில் வைத்தால், மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று குத்தும். பழகிய நாக்காக இருக்கவேண்டும். அவளுடைய அப்பா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த நாக்கைப் பழக்கிவிட்டுத்தான் போனார். லாரியிலிருந்து சூரைப் பெட்டி இறங்குமுன் அண்ணன் ஒவ்வொரு பெட்டியிலும் கிள்ளி ருசி பார்ப்பார். குத்தினால் அந்தப் பெட்டி இறங்காது. கடை தொடங்கிய பிறகு அவள் ருசி பார்ப்பதை விட்டுவிட்டாள். அண்ணன் பார்த்த பெட்டியை மறுபடி பார்த்தால் அது அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். இப்போது நினைத்தால், அந்த மரியாதையை எடுத்து அடுப்பில் போடலாம்போல இருந்தது அவளுக்கு.

போன கோடையில் அவர்கள் கடைச் சூரை ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிற்று. தின்றவர்கள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை. கடைதான் செத்தது.

சந்தைச் சங்கத்தில் விசாரணை நடந்தது. லாரியில் மீன் நன்றாகத்தான் வந்தது என்றும், கடையில் மாப்பிள்ளை ஐஸ் சரியாகப் போடவில்லை என்றும் அண்ணன் சொன்னார். கத்தியக்கா எழுந்து நின்றாள். "அண்ணன் நாக்குல வச்சுப் பாக்காம பெட்டியை இறக்கமாட்டார். கெட்டது வந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சேதான் இறக்கியிருக்கார்" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார். "நாக்குல வச்சா தெரியுமா? இதெல்லாம் எங்கப்பா சின்னப் புள்ளைங்களுக்குச் சொன்ன கதைங்க. சுட்டுத் தின்னாலும் தெரியாது, பச்சையாத் தின்னாலும் தெரியாது. எனக்கும் தெரியாது, எவனுக்கும் தெரியாது" என்றார். செயலாளர் வெங்காய மண்டிக்காரர். அவருக்கு மீனில் தெரிந்ததெல்லாம் முள்ளை எடுத்துவிட்டுத் தின்பதுதான். அவரும் சிரித்தார். கணவனைக் கடையைவிட்டு நிறுத்தி வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கினான். கடை அண்ணன் கையில் இருந்தது.

இன்றைக்குக் கணவனின் பங்குக்கும் ஒரு முடிவு கட்டப்போகிறார்கள். அந்தச் சந்தையில் எழுத்தெல்லாம் அப்புறம்தான். செயலாளர் முன்னால் வாயால் சொன்னால் சொன்னதுதான். கடையில் இனி எனக்குப் பாத்தியதை இல்லை என்று கணவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதைச் சங்கத்து அறையில் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், கொல்லையில் மீன் சுடுகிறேன், எல்லோரும் வாருங்கள் என்று கத்தியக்காதான் சொல்லியனுப்பினாள். தங்கச்சி இறங்கிவந்துவிட்டாள் என்று அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணவன் தோளில் கரி மூட்டையோடு கொல்லைக்கு வந்தான். ஐஸ் பட்டுப் பட்டு அவன் விரல் நுனிகள் வெளுத்து, காய்ந்த சோப்புக்கட்டிபோல வெடித்திருந்தன.

"ஏங்க, இன்னைக்குச் சொல்லிடத்தான் போறீங்களா?"

"சொல்லித் தொலைச்சிடறேன். எத்தனை நாளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கறது? உன் அண்ணன்தானே."

"என் அண்ணன்தான். அதனாலதான் கேக்கறேன்."

"ஐஸ் வேலை ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல. கோடையில குளுகுளுன்னு இருக்கு."

"குளிர்காலத்துல?"

அவன் யோசித்தான். "அப்பவும் குளுகுளுன்னுதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பின்மேல் கோபமும் வந்தது. இப்படிப்பட்ட ஒருத்தனைப் பார்த்து ஐஸ் போடத் தெரியாதவன் என்று சொல்ல அண்ணனுக்கு எப்படித்தான் வாய் வந்தது? தூக்கத்தில்கூட ஐஸ் உடைக்கிறவன்போலக் கையை ஆட்டுகிற மனுஷன்.

"சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க. அதுக்கு முன்னால வாயைத் திறக்கக்கூடாது."

"மீனு திங்கறதுக்கு?"

"அதுக்கு மட்டும் திறக்கலாம்."

எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, இரும்புக் கால் வைத்துச் செய்த அடுப்பு அது. அவள் கரியைக் கொட்டிப் பற்றவைத்தாள். கொழுந்துவிட்டு எரியும்போது மீனை வைக்கிறவர்கள் கரியைத் தின்ன ஆசைப்படுகிறவர்கள் என்பாள். தீ அடங்கி, கரியின்மேல் சாம்பல் மெல்லிய பனிபோலப் படிகிறவரை காத்திருந்தாள். பிறகு ஒரு பக்கம் தணலைக் குவித்து, மறுபக்கம் பரப்பினாள். குவித்த பக்கம் கணவாய்க்கு. அது சட்டென்று வெந்து இறங்கவேண்டும், விட்டால் செருப்பாகிவிடும். நடுவில் மத்தி. பரப்பிய பக்கம் பாறை. தடித்த மீன், மெதுவாக உள்ளே சூடு இறங்கவேண்டும். சங்கரா மீனின் இரு பக்கமும் சாய்வாகக் கீறி, கீறலில் உப்பையும் நசுக்கிய பூண்டையும் அழுத்தினாள். அண்ணிக்கு உருளைக்கிழங்கு, தணலுக்குள் புதைத்தது. மீன்காரனைக் கட்டிக்கொண்டு மீன் வாசமே ஆகாத பொம்பளை அவள்.

வெயில் உச்சியைத் தாண்டிய பிறகு, கணவன் உள்ளே நாற்காலி எடுக்கப் போன நேரம், அவள் ஏணியில் ஏறிச் சூரையை இறக்கினாள். கைக்குச் சூடாக இருந்தது, உயிருள்ளதுபோல. வயிற்றை அறுத்து, கழுவி, நீளவாக்கில் துண்டம் போட்டாள். ஒரு துளியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். குத்தியது. நாக்கின் ஓரமெல்லாம் எறும்பு ஓடியது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

மற்ற மீனுக்கெல்லாம் மிளகைத் தூவினாள். சூரைக்குத் தூவவில்லை. தூவினால், குத்துவதை மிளகின் தலையில் கட்டிவிடலாம். எலுமிச்சையும் பிழியவில்லை. எண்ணெயும் உப்பும் மட்டும்.

அவள் கணக்கு நேரானது. அண்ணன் வாயில் வைத்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். துப்பினால், நாக்குக்குத் தெரியும் என்பது செயலாளர் முன்னாலேயே நிரூபணமாகிவிடும். துப்பாவிட்டால் தின்னவேண்டும். தின்றால் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் பட்டதை அவரும் படட்டும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான்.

அண்ணனும் அண்ணியும் செயலாளரும் லாரியில் வந்து இறங்கினார்கள். அண்ணன் பெரிய உடம்பு, பெரிய குரல். வாசலிலேயே கத்தினார். "பாப்பா! புகை மெயின் ரோடு வரைக்கும் வந்து வழி காட்டுது!"

"வாங்கண்ணே. வாங்கண்ணி. வாங்கய்யா."

"கோவமெல்லாம் போயிடுச்சா?" என்றாள் அண்ணி, மூக்கைப் புடவை முனையால் பொத்திக்கொண்டு.

"அதைத்தான் சுட்டுக்கிட்டிருக்கேன் அண்ணி. உங்களுக்கு உருளைக்கிழங்கு."

"நல்லவேளை. இந்த மனுஷன் தலைமாட்டுலயே மீனு வாசம். கனவுலகூடச் செதில் பறக்குது."

செயலாளர் தணலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நமக்கு மத்தி போதும்மா. சின்ன மீனு, சின்ன முள்ளு, சின்னப் பிரச்னை."

மத்தியை அடுப்புக் கம்பிமேல் வரிசையாக வைத்தாள். அதற்கு எண்ணெய் வேண்டாம். அதன் கொழுப்பே தணலில் சொட்டி, சீறி, புகையாகத் திரும்பி வந்து அதன்மேலேயே படிந்தது. செயலாளருக்குக் கை நிற்கவில்லை. கரண்டியை எடுத்துப் புரட்டப் போனார்.

"விடுங்கய்யா. அதுவா கம்பியை விடும். நாம பிச்சா தோல் கம்பிக்கும் சதை நமக்குமாப் போயிடும்."

"எப்ப விடும்னு எப்பிடித் தெரியும்?"

"விட்டா தெரியும்."

"மாப்ள, இதான் உங்க வீட்டுல பேச்சா? எப்பிடிக் குடும்பம் நடத்தறீங்க?" என்று அண்ணன் சிரித்தார். கணவனும் சிரித்தான். பழைய நாள் மாதிரி இருந்தது. லாரியில் இரண்டு பேரும் ஒன்றாகத் துறைமுகம் போன காலத்தில் ஒரே தட்டில்தான் தின்பார்கள். மாமன் மச்சானா, ஒட்டிப் பிறந்ததா என்று சந்தையில் கேலி செய்வார்கள்.

அவள் மத்தியைச் செயலாளருக்கும், கணவாயைக் கணவனுக்கும் வைத்தாள். பிறகு தனியாகச் சுட்டு எடுத்த சூரைத் துண்டங்களை ஒரு தட்டில் எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குச் சூரை. சின்ன வயசுல இருந்து உங்களுக்கு அதானே."

"மறக்கலையே பாப்பா நீ."

"எதையும் மறக்கலண்ணே."

அண்ணன் ஒரு பெரிய விள்ளலாகப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. கண் நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். இருவருக்கும் நடுவே புகை ஒரு திரைச்சீலைபோல ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அண்ணன் முகம் சின்னப் பையன் முகமாகத் தெரிந்தது. அப்பாவின் முன்னால் கண்ணை மூடி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற பையன். அவள் அந்த முகத்தைப் பார்க்க மறுத்தாள்.

"ஐயா, அண்ணனுக்குச் சூரை எப்பிடி இருக்குன்னு கேளுங்க" என்றாள், நன்றாகக் கேட்கும்படி.

"எப்பிடி இருக்கு?" என்றார் செயலாளர்.

அண்ணன் விழுங்கினார். "நல்லாருக்கு."

"உப்பு, காரம்?"

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப இன்னொரு துண்டு வைக்கறேன்."

வைத்தாள். அவர் தின்றார். செயலாளர் வெங்காய விலை ஏறியதையும், மழை வராததையும், சந்தைக் கூரை ஒழுகுவதையும் பேசிக்கொண்டே போனார். மழை வராதபோது கூரை ஒழுகினால் என்ன என்று அண்ணி கேட்டாள். யாரோ சிரித்தார்கள். கத்தியக்கா அண்ணனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு விள்ளலாக, மருந்து தின்பதுபோல, தலையைத் தூக்காமல் தின்றார். காது மடல் முதலில் சிவந்தது. பிறகு கழுத்து. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"என்னங்க, முகம் இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்றாள் அண்ணி.

"அடுப்புச் சூடு."

தின்னட்டும் என்று கத்தியக்காவின் உள்ளே ஏதோ தாளம்போட்டது. இன்னொன்று. இன்னொன்று. என் புருஷன் தூக்கின ஒவ்வொரு பாளத்துக்கும் ஒரு வாய். இத்தனை மாதமாக வயிற்றுக்குள் உறைந்துகிடந்த ஏதோ இளகி, இனிப்பாக ஓடியது. துப்பினால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று தோன்றியது.

அப்போதுதான் கணவன் தன் கணவாயை முடித்துவிட்டு, நாற்காலியோடு நகர்ந்து அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மச்சான், செயலாளரய்யா இருக்கும்போதே நான் சொல்லிடறேன்" என்றான். பேச்சுக்குப் பலம் தேடுகிறவன்போல, அந்தப் பழைய பழக்கத்தில், அண்ணன் தட்டிலிருந்த சூரையில் அடிவயிற்றுப் பக்கத்துக் கொழுப்புத் துண்டை எடுத்தான்.

கத்தியக்காவின் கணக்கில் இது இல்லை. வெடித்த அந்த விரல்கள் துண்டைத் தூக்குவதைப் பார்த்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும். போட்டால் அவள்தான் வைத்தாள் என்பது தெரிந்துவிடும்; அண்ணன் தப்பிவிடுவார்; கடை போய்விடும். அவள் வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. துண்டு கணவனின் உதட்டுக்குப் போயிற்று.

அண்ணன் ஓங்கி அவன் கையில் அடித்தார். மீன் தெறித்து மண்ணில் விழுந்தது.

"வாயில வைக்காத மாப்ள!"

"ஏன் மச்சான்?"

"வெயில் பட்டது."

தணலில் மத்தியின் கொழுப்பு ஒரு சொட்டு விழுந்து சீறியது. மதிலுக்கு அப்பால் தையல் இயந்திரமும் நின்றுவிட்டது. செயலாளர் வாயிலிருந்து ஒரு முள்ளை உருவியெடுத்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணன் மூச்சு வாங்கினார்.

"கேக்கறாருல்ல, சொல்லுங்கண்ணே" என்றாள் கத்தியக்கா. "எனக்கும் தெரியாது, எவனுக்கும் தெரியாதுன்னீங்க. இப்ப எப்பிடித் தெரிஞ்சுது?"

"நாக்குல தெரியுது" என்றார் அண்ணன்.

"எப்ப இருந்து?"

"முத வாயிலயே."

"அது இன்னைக்கு. அன்னைக்கு?"

அண்ணன் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளும் சிவந்திருந்தன. "அன்னைக்கும் தெரிஞ்சுது. பழைய லாரி ஒண்ணு விலைக்கு வருதுன்னு பாக்கப் போனேன். பேச்சுல உக்காந்துட்டேன். வண்டி வெயில்ல நின்னுடுச்சு. மேல புது ஐஸைக் கொட்டி மூடிட்டேன். திங்கறவன் வயிறு பாத்துக்கும்னு நெனைச்சேன்." பிறகு, யாரையும் பார்க்காமல், "மாப்ள ஐஸ் போட்டதுல குத்தமில்ல" என்றார்.

"ஐயா காதுல விழுந்துச்சா?" என்றாள் அவள்.

"விழுந்துச்சும்மா, விழுந்துச்சு. முதல்ல இந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு..."

அண்ணி அதற்குள் கத்தத் தொடங்கியிருந்தாள். "அடிப்பாவி! கூடப் பொறந்தவளா நீ? விஷத்தை வச்சுட்டியே!"

"அவர் வித்ததைத்தான் அண்ணி வச்சேன். வேற ஒண்ணும் சேர்க்கல. மிளகுகூடச் சேர்க்கல."

அண்ணன் எழ முயன்றார், கால் மடங்கியது. கணவன் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஐஸ் பாளம் தூக்கிப் பழகிய கை, அந்தப் பெரிய உடம்பைச் சிரமமில்லாமல் நிமிர்த்தி, நடத்திக்கொண்டுபோய், லாரியில் ஏற்றியது. அண்ணி அழுதுகொண்டே பின்னால் ஏறினாள். கணவன் லாரிச் சாவிக்காகத் திரும்பி வந்தான். அது நாற்காலியின் அடியில் கிடந்தது. குனிந்து எடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து, செயலாளருக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"நான் கையை நீட்டினப்ப நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். புகை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றாள்.

"அவர் தட்டிவிடலேன்னா?"

அவள் பாறை மீனின் அடியில் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தாள். கம்பியை இன்னும் விடவில்லை. அவன் சாவியோடு வாசல் பக்கம் நடந்தான். பிறகு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

செயலாளர் செருப்பைத் தேடிக் காலால் துழாவினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நாளைக்குச் சங்கத்துல வச்சுப் பேசிக்கலாம்மா."

"நாளைக்கு வேண்டாம். இப்பச் சொல்லுங்க. என் புருஷனை நிறுத்தும்போது நாலு பேர் முன்னால உடனே சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

அவர் மதிலைப் பார்த்தார். அதன்மேல் தையல்காரியின் தலை இருந்தது, ஒளியக்கூட மறந்து.

"கடை உன் புருஷனோடது" என்றார் செயலாளர். "காலைல சாவி வந்துடும். உன் அண்ணன் சந்தைக்குள்ள வண்டி விடமாட்டார். போதுமா?"

"போதும்."

"ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ கடையில நிக்காத. இன்னைக்கு நடந்தது ராத்திரிக்குள்ள சந்தை முழுக்கப் பரவிடும். நீ வெட்டற மீனை இனிமே எவன் வாங்குவான்?"

அவளுக்கு அது முதலில் உறைக்கவில்லை. உறைத்தபோது, கத்தி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கறவங்க நாக்குல வச்சுப் பாத்து வாங்கட்டும்" என்றாள். "உக்காருங்க. பாறை வெந்துடுச்சு."

"எனக்கு மத்தியிலயே வயிறு நெறைஞ்சு..."

"உக்காருங்கய்யா."

அவர் உட்கார்ந்தார். மீன் இப்போது தானாகக் கம்பியை விட்டது. தோல் பொன்னாகப் பொரிந்து, ஓரத்தில் சாறு கொதித்தது. அவள் முதுகுப் பக்கத்துச் சதையாகப் பார்த்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். எதிரே நின்றாள். அவர் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தெருப் பக்கம் பார்த்தார். லாரி போன இடத்தில் தூசிகூட அடங்கிவிட்டிருந்தது.

அவள் நகரவில்லை.

அவர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். மெல்லாமல், நாக்கின்மேல் அதை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக் காத்திருந்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் அவர், வாய் குழற.

"அப்ப முழுங்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தொண்டை ஏறி இறங்குகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.